புளோரன்ஸ் நகரத்து ஒயின் சாளரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் உள்ள புளோரன்ஸ் நகரத்தின் பழைய மாளிகைச் சுவர்களில், வாசலுக்கு அருகே, வளைவான தலைப்புடன் கூடிய சின்னஞ்சிறு திறப்புகள் காணப்படுகின்றன. ஒரு காலத்தில் இவற்றின் வழியாகத்தான் நகர மக்கள் ஒயின் வாங்கினார்கள். 2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் இவை உலகெங்கும் செய்தியாயின. அச்செய்திகளோடு சில தவறான விளக்கங்களும் பரவிவிட்டன. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஒயின் சாளரம் என்பது சரியாக எது?

புளோரன்ஸ் மக்கள் இதனைப் ‘புக்கெத்தா தெல் வினோ’ என்கிறார்கள். தெருவை நோக்கிய கற்சுவரில், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட திறப்பு இது. பெரும்பாலானவற்றின் மேற்பகுதி அரைவட்டமாக இருக்கும். சுற்றிலும் செதுக்கிய கல்லால் ஆன சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். உட்புறம் ஒரு மரக் கதவு இருக்கும். நின்றுகொண்டு கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் இது அமைந்திருக்கும். சில இடங்களில் முழங்கால் அளவிலும் வேறு சில இடங்களில் தலைக்கு மேலேயும் தென்படுவதற்குக் காரணம், நூற்றாண்டுகளின் போக்கில் தெருவின் மட்டம் மாறியதும் கட்டடங்கள் திருத்திக் கட்டப்பட்டதுமே ஆகும். சட்டத்துக்கு உள்ளூர்ச் சாம்பல் நிறக் கல்லான ‘பியெத்ரா செரேனா’ மிகுதியாகப் பயன்பட்டது. மாளிகையின் பெரிய வாயிலுக்கும் சன்னல்களுக்கும் எந்தப் பாணியில் கல் வேலை செய்யப்பட்டதோ அதே பாணியில் இந்தச் சிறு திறப்புக்கும் செய்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். வீட்டுக்காரர்கள் இதனை மறைத்து வைக்க வேண்டிய ஒன்றாகக் கருதவில்லை என்பதற்கு அந்தக் கல் வேலையே சான்று.

இவை எத்தனை உள்ளன? எங்கெல்லாம் உள்ளன?

புளோரன்ஸின் பழைய நகரப் பகுதியில் மட்டும் 150-க்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பட்டுள்ளன. பீசா, சியேனா, பிஸ்தோயா, கொல்லே தி வல் தெல்சா முதலிய டஸ்கனி ஊர்களிலும் சில உண்டு. ஒயின் விளையும் நாடுகள் ஐரோப்பாவில் பல இருந்தாலும், இவ்வளவு நெருக்கமாக இவை அமைந்திருப்பது புளோரன்ஸிலும் அதன் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர்களிலும்தான். அதற்குரிய காரணம் அடுத்த விடையில் உள்ளது.

பெரும் செல்வர்களின் மாளிகைகளில் சில்லறை ஒயின் விற்பனை எப்படி வந்தது?

இதற்கு விடை காண நகரத்தை விட்டு வயலுக்குச் செல்ல வேண்டும். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் புளோரன்ஸின் செல்வம் வட்டித் தொழிலிலிருந்தும் கம்பளித் துணி வணிகத்திலிருந்தும் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அந்த இரண்டும் தளர்ந்தன. பணம் படைத்த குடும்பங்கள் தங்கள் முதலீட்டை நிலத்தில், குறிப்பாகத் திராட்சையிலும் ஒலிவத்திலும் போட்டன. நகரைச் சுற்றியிருந்த குன்றுகளில் பெரும் பண்ணைகள் அவர்கள் கைக்கு வந்தன.

அந்தப் பண்ணைகள் ‘மெட்சாத்ரியா’ என்னும் வார முறையில் நடந்தன. நிலமும் வீடும் உடைமையாளருடையவை. உழைப்பு உழவர் குடும்பத்துடையது. விளைச்சல் இருவருக்கும் சரிபாதி. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக்குப் பிறகு, உடைமையாளரின் பங்கு பணமாக அல்லாமல் கோதுமையாகவும் எண்ணெயாகவும் ஒயினாகவும் நகர வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர்கள் எவ்வளவு குடித்தாலும் தீராத அளவு ஒயின் நிலவறையில் பீப்பாய் பீப்பாயாகத் தேங்கியது. அக்கால ஒயின் நெடுநாள் நிற்கக்கூடியதும் அன்று. அடுத்த கோடைக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் புளித்துக் காடியாகிவிடும். நிலவறைக்கு நேர் மேலே, தெருவோரச் சுவரில் ஒரு துளையிட்டு அதனை விற்றுவிடுவதே இதற்கு எளிய வழியாக இருந்தது.

அரசியலும் இதற்கு இசைந்து வந்தது. 1530-இல் முற்றுகைக்குப் பின் புளோரன்ஸ் குடியரசு வீழ்ந்தது. 1532-இல் அலெசாந்த்ரோ தெ மெடிச்சி கோமகன் ஆனார். அவருக்குப் பின் 1537-இல் ஆட்சிக்கு வந்த முதலாம் கோசிமோ, பழைய குடியரசுக் காலக் குடும்பங்களின் அரசியல் அதிகாரத்தை ஒடுக்கினாலும் அவர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. தங்கள் சொந்த நிலத்தில் விளைந்த ஒயினைத் தங்கள் வீட்டிலிருந்தே நேரடியாக விற்கலாம் என்ற உரிமை 1559-இல் அவர் ஆட்சியில் வழங்கப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது. ‘சொந்த நிலத்தில் விளைந்தது’ என்பதுதான் இந்த உரிமையின் உயிர்நாடி. பிறரிடம் வாங்கி விற்பவர் வணிகர். தன் விளைச்சலை விற்பவர் நில உடைமையாளர். ஒயின் சாளரத்தை வெறும் கட்டடக்கலை விந்தையாகப் பார்ப்பவர்கள் இந்தப் பின்னணியைத் தவறவிடுகிறார்கள். வார முறையும் சலுகையும் சேர்ந்து சுவரில் போட்ட துளை இது என்பதே என் கருத்து.

உயர்குடியினர் தெருவில் சில்லறை வணிகம் செய்வது இழுக்காகக் கருதப்படவில்லையா?

பிரான்சிலோ ஸ்பெயினிலோ அப்படிக் கருதப்பட்டிருக்கும். புளோரன்ஸின் உயர்குடியினரோ வணிகத்திலிருந்தே எழுந்தவர்கள். கணக்கேடு எழுதுவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு அன்று. இன்றும் ஒயின் தொழிலில் உள்ள அந்தினோரி குடும்பத்தைச் சேர்ந்த ஜியோவன்னி தி பியெரோ 1385-இல் நகரத்து ஒயின் வணிகர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஃப்ரெஸ்கோபால்தி, ரிகாசொலி போன்ற குடும்பப் பெயர்களை இன்றைய ஒயின் புட்டிகளிலும் காணலாம்.

ஆயினும் ஒரு நுட்பமான மரியாதை பேணப்பட்டது என்பதை மறுக்க முடியாது. சாளரத்தின் உட்புறம் நின்றவர் வீட்டுத் தலைவர் அல்லர்; நிலவறைப் பொறுப்பாளரான பணியாள். வாங்குபவர் மாளிகைக்குள் காலடி வைக்கவில்லை. பல நேரங்களில் விற்பவரின் முகத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். வணிகமும் நடந்தது, வாசற்கதவும் திறக்கப்படவில்லை.

திறப்பு ஏன் இவ்வளவு சிறியது?

ஒரு குடுவை நுழைய வேண்டும், ஓர் ஆள் நுழையக் கூடாது. அளவைத் தீர்மானித்தது இந்த இரண்டும்தான். புளோரன்ஸின் மாளிகைகள் தெருக் கலவரங்களை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. தரைத்தளத்தில் தடித்த கற்சுவரும், உயரத்தில் கம்பியிட்ட சிறு சன்னல்களும், இரும்புக் குமிழ்கள் பதித்த கதவும் அவற்றின் இயல்பு. அத்தகைய சுவரில் கடைவாசல் அளவுக்கு இடம் திறக்க எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

எல்லா மாளிகைகளிலும் இது கட்டும்போதே அமைக்கப்பட்டதா?

இல்லை. பல மாளிகைகள் சாளரத்தைவிட மூத்தவை. எடுத்துக்காட்டாக, இன்று அந்தினோரி மாளிகை எனப்படும் கட்டடம் 15-ஆம் நூற்றாண்டில் வேறொரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்டு, 1506-இல் அந்தினோரி குடும்பத்தால் வாங்கப்பட்டது. இத்தகைய வீடுகளில் ஏற்கெனவே இருந்த சுவரைக் குடைந்துதான் திறப்பை அமைத்தார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் புதிதாகக் கட்டிய வீடுகளில் முகப்பின் திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே வாயிலுக்கும் சாளரத்துக்கும் இடையே உள்ள ஒத்திசைவு கண்ணுக்குத் தெரியும்.

ஒரு சாதாரண நாளில் விற்பனை எப்படி நடந்தது?

வாங்குபவர் தன் வெறுங்குடுவையோடு வந்து சிறு மரக் கதவைத் தட்டுவார். உள்ளிருப்பவர் கதவைத் திறந்து, குடுவையை வாங்கி, பீப்பாயிலிருந்து நிரப்பித் திருப்பித் தருவார். அல்லது ஏற்கெனவே நிரப்பி வைத்த குடுவையைத் தருவார். காசு அதே திறப்பின் வழியாக உள்ளே போகும். உட்கார இடமில்லை, தொட்டுக்கொள்ள உணவில்லை, பேச்சுக்கும் அதிக வாய்ப்பில்லை.

அந்தக் குடுவைதான் ‘ஃபியாஸ்கோ’. மெல்லிய கண்ணாடியால் ஊதிச் செய்யப்பட்ட, உருண்ட அடிப்பகுதியும் நீண்ட கழுத்தும் கொண்ட பாத்திரம் அது. அடிப்பகுதி உருண்டையானதால் தானாக நிற்காது, தொட்டால் உடையும். ஆகவே சதுப்பு நிலத்தில் வளரும் கோரையை உலர்த்தி, அதனைச் சுற்றிப் பின்னி, கீழே வளையம்போல் ஓர் அடிமணை அமைத்தார்கள். இந்தப் பின்னல் வேலை பெரும்பாலும் பெண்களின் கைத்தொழிலாக இருந்தது. நிரப்பிய பின் கழுத்தில் ஒயினின் மேலே சிறிது ஒலிவ எண்ணெயை விடுவது டஸ்கனி வழக்கம். எண்ணெய் மிதந்து காற்றைத் தடுப்பதால் தக்கை இல்லாமலேயே ஒயின் சில காலம் கெடாமல் இருக்கும். குடிக்கும் முன் சணல் நாரால் எண்ணெயை ஒற்றி எடுப்பார்கள், அல்லது குடுவையைச் சட்டென உதறி அதனை வெளியே சிந்தச் செய்வார்கள்.

புளோரன்ஸ் அளவை முறையில் ஒரு பீப்பாய் ஒயின் 20 ஃபியாஸ்கோ. ஒரு ஃபியாஸ்கோ ஏறத்தாழ 2.28 லிட்டர். அதன் பாதி ‘பொக்காலே’, அதில் பாதி ‘மெட்செத்தா’, அதிலும் பாதி ‘குவார்த்துச்சோ’. வெறுங்கையோடு வருபவர் பெரும்பாலும் வாங்க முடியாது என்பதையும், ஒரு கோப்பை ஊற்றித் தரும் இடமாக இச்சாளரங்கள் அமையவில்லை என்பதையும் இந்த அளவுகளிலிருந்தே ஊகிக்கலாம். வீட்டுக்கு எடுத்துச் சென்று சில நாட்களுக்கு வைத்துக் குடிப்பதற்கான ஒயின் இது.

அளவில் ஏமாற்று நடக்கவில்லையா?

நடந்தது, அதனைத் தடுக்கச் சட்டமும் வந்தது. கண்ணாடியை வாயால் ஊதிச் செய்வதால் எந்த இரண்டு குடுவைகளும் ஒத்த அளவில் அமைவதில்லை. 1574-இல் ஃபியாஸ்கோவின் கொள்ளளவு ஆணையின் மூலம் வரையறுக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்ட குடுவைக்கு ஈய முத்திரை இடும் முறை வந்தது. முத்திரையைக் கோரைப் பின்னலில் வைத்தபோது சிலர் பின்னலைக் கழற்றிச் சிறிய குடுவைக்கு மாட்டினார்கள். ஆகவே முத்திரை கண்ணாடியின் மீதே பதிய வேண்டும் என்ற நிலை பின்னர் ஏற்பட்டது. சாளரத்தின் இருண்ட உட்புறத்தில் என்ன நடக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாத ஒரு வணிகத்தில், கைக்கு வந்த குடுவையின் முத்திரை ஒன்றே அவருக்குப் பிடிமானம்.

மதுக்கடைக்காரர்கள் இதனை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

அவர்களுக்கு இது நட்டமே. ‘வினாத்தியேரி’ எனப்பட்ட ஒயின் வணிகர் சங்கம் புளோரன்ஸின் பழைய தொழிற்சங்கங்களுள் ஒன்று. கடை நடத்துபவர் அதன் விதிகளுக்கும் கட்டணங்களுக்கும் கட்டுப்பட்டவர். மாளிகையின் நிலவறைக்கோ கடை வாடகை இல்லை, இடைத்தரகர் இல்லை, ஏற்றிறக்குக் கூலியும் மிகக் குறைவு. அதே ஒயினை மலிவாக விற்கவும் கூடுதல் இலாபம் பார்க்கவும் மாளிகைக்காரரால் முடிந்தது. ஆனாலும் மதுக்கடைகள் மறைந்துவிடவில்லை. கூட்டமாக அமர்ந்து குடிக்க, சூதாட, வம்பளக்க விரும்பியவர்கள் அங்கேதான் சென்றார்கள். சாளரத்துக்கு வந்தவர்களோ இராச் சாப்பாட்டுக்கு ஒயின் வாங்க வந்தவர்கள். சங்கங்கள் 1770-இல் கோமகன் பியெத்ரோ லெயோபோல்தோவால் கலைக்கப்பட்டன. சாளரங்கள் அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தன.

விற்பனைக்கு நேரக் கட்டுப்பாடு இருந்ததா?

இருந்தது என்பதற்குத் தெருவிலேயே சான்று உள்ளது. வியா தெல்லே பெல்லே தொன்னே என்னும் தெருவில் ஒரு சாளரத்தின் அருகே பளிங்குப் பலகை ஒன்று இன்றும் உள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இன்ன நேரம், மே முதல் அக்டோபர் வரை இன்ன நேரம், விழா நாட்களில் இன்ன நேரம் எனத் தனித்தனியே அதில் பொறித்திருக்கிறார்கள். நடுவில் மதிய இடைவேளையும் உண்டு. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். அரசாணைகளும் குடும்பக் கணக்கேடுகளும் சொல்லாத ஒன்றை, அதாவது ‘கடை மூடிய பிறகு வந்து கதவைத் தட்டாதீர்கள்’ என்னும் பணியாளரின் அலுப்பை, இப்பலகை கல்லில் சொல்கிறது.

இவை கொள்ளைநோய்க் காலத்தில், தொற்றைத் தவிர்ப்பதற்காக உருவாக்கப்பட்டவை என்கிறார்களே?

அது தவறு. இன்று மிகவும் பரவியுள்ள பிழையும் இதுதான். மேலே கூறியபடி இச்சாளரங்கள் 16-ஆம் நூற்றாண்டில் வணிக நோக்கில் தோன்றியவை. இக்கதைகளில் பேசப்படும் கொள்ளைநோய் புளோரன்ஸைத் தாக்கியது 1630-இல். நோய் வந்தபோது சாளரம் ஏற்கெனவே சுவரில் இருந்தது. நேருக்கு நேர் நிற்காமல் பொருளைக் கைமாற்ற உதவும் அதன் அமைப்பு அப்போது எதிர்பாராத வகையில் பயன்பட்டது.

அந்தப் பயன்பாட்டைப் பற்றிய செய்தி பிரான்செஸ்கோ ரொந்தினெல்லி என்பவரிடமிருந்து கிடைக்கிறது. 1630, 1633 ஆகிய ஆண்டுகளில் நகரைத் தாக்கிய தொற்றைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1634-இல் அச்சாயிற்று. ஒயின் விற்பவர்கள் வாங்குபவரின் கையிலிருந்து நேரடியாகக் காசைப் பெறுவதைத் தவிர்த்தார்கள். உலோகத் தட்டு ஒன்றைத் திறப்பின் வழியே நீட்டி, அதில் காசைப் போடச் செய்து, உள்ளே இழுத்துக் காடியில் நனைத்த பின்னரே எடுத்தார்கள். வாங்குபவர் கொண்டுவந்த குடுவையைத் தொடுவதும் ஆபத்து என உணர்ந்து, உள்ளிருக்கும் பாத்திரத்தோடு இணைந்த உலோகக் குழாயைச் சாளரத்தின் வழியே வெளியே விட்டார்கள். வாங்குபவர் தன் குடுவையைத் தானே அதன் கீழ்ப் பிடித்து நிரப்பிக்கொண்டார். கிருமி என்னும் கருத்தே அறியப்படாத காலத்தில் இந்த ஏற்பாடுகள் செய்யப்பட்டன. நச்சுக் காற்றும் தொடுதலும் நோயைப் பரப்பும் என்பதே அன்றைய நம்பிக்கை. அதற்கேற்ற எச்சரிக்கைகள் நடைமுறையில் ஓரளவு சரியாகவே அமைந்துவிட்டன.

ஊரடங்கின்போது மக்களுக்கு ஒயின் கிடைத்ததா?

கிடைத்தது, அரசின் செலவிலேயே. 1631 சனவரியில் நகரத்தின் சுகாதார ஆணையம் பொதுவான தனிமைப்படுத்தலை அறிவித்து மக்களை வீட்டிலேயே இருக்கச் செய்தது. வீட்டில் அடைபட்ட ஏழைகளுக்கு ஆளுக்கு நாள்தோறும் இரண்டு ரொட்டியும் அரைப் பொக்காலே ஒயினும், அதாவது அரை லிட்டரைவிடச் சற்று அதிகமும், வழங்கப்பட்டன. கிழமைக்கேற்ப இறைச்சி, அரிசியும் பாலாடைக்கட்டியும், கீரைக் கலவை ஆகியவையும் உண்டு. ஒயினை ரொட்டியோடு சேர்த்து அடிப்படை உணவாகவே அந்நகரம் எண்ணியது என்பதை மனத்தில் கொண்டால், கொள்ளைநோயிலும் ஒயின் விற்பனையை நிறுத்தாமல் அதற்கொரு பாதுகாப்பான வழியைத் தேடியது வியப்பாகத் தோன்றாது.

ஏழைகளுக்கு உணவு வழங்கவும் இவை பயன்பட்டனவா?

மாளிகையில் மிஞ்சிய ரொட்டியையும் ஒயினையும் ஏழைகள் எடுத்துக்கொள்வதற்காகச் சாளரத்தில் வைத்ததாக ஒரு மரபுச் செய்தி உண்டு. ஆங்காங்கே நடந்திருக்கலாம். ஆனால் அறத்துக்காகவே இவை வெட்டப்பட்டன என்று சொல்வது, நில உடைமையாளர்களுக்கு அவர்கள் கோராத ஒரு புகழை அளிப்பதாகும்.

இதனோடு சேர்த்து இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். புளோரன்ஸின் ‘இன்னோச்செந்தி’ ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் முகப்பிலும் ஒரு சிறு திறப்பு உண்டு. வளர்க்க வழியற்ற பெற்றோர் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். 1875-இல் அது மூடப்பட்டது. கன்னியர் மடங்களின் சுவர்களில் பொருள்களை உள்ளே அனுப்பச் சுழல்பெட்டி பொருத்திய திறப்புகளும் உண்டு. இவை எவையும் ஒயின் சாளரங்கள் அல்ல.

விற்பனை எப்போது, ஏன் நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி ஒன்றுபட்டு, 1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் அதன் தலைநகராக இருந்தது. நகர மதில்கள் இடிக்கப்பட்டன. சில பத்தாண்டுகளில் பழைய சந்தைப் பகுதியும் முழுவதுமாக அழிக்கப்பட்டு அங்கே புதிய சதுக்கம் எழுந்தது. அந்தக் கட்டடங்களோடு அவற்றின் சாளரங்களும் போயின. மறுபக்கம் ஒயின் தொழிலே மாறிக்கொண்டிருந்தது. பண்ணையிலேயே புட்டியில் அடைத்து, பெயர் ஒட்டி, இரயிலில் ஏற்றித் தொலைவிடங்களுக்கு அனுப்பும் ஒயினே இலாபம் தந்தது. நகர வீட்டு நிலவறையில் பீப்பாயை வைத்துக்கொண்டு அண்டை வீட்டாருக்கு விற்பதில் அவ்வளவு வரவில்லை. மாளிகைகள் கைமாறின, அடுக்கு வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் பிரிக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான சாளரங்கள் ஓய்ந்துவிட்டன.

அவற்றைத் தாங்கிய வார முறையும் நெடுநாள் நிலைக்கவில்லை. புதிய மெட்சாத்ரியா ஒப்பந்தங்களை இத்தாலியச் சட்டம் 1964-இல் தடை செய்தது. வயலிலிருந்து பாதிப் பங்கு வீடு தேடி வருவது நின்றுபோன பிறகு, அதனை விற்கும் துளைக்கும் வேலை இல்லை.

மூடப்பட்டவை என்ன ஆயின?

பலவற்றைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். சுவரில் கற்சட்டத்தின் வடிவம் மட்டும் தெரியும். சிலவற்றில் வீட்டு அழைப்பு மணிப் பலகையையோ தபால் பெட்டியையோ பொருத்தினார்கள். வேறு சிலவற்றுள் மரியாளின் உருவத்தை வைத்து வழிபாட்டு மாடமாக்கினார்கள். வளைவான தலைப்பு அதற்கு இயல்பாகவே பொருந்தியது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை பொந்தே வெக்கியோ பாலத்தின் இருபுறத் தெருக்களையும் வெடிவைத்துத் தகர்த்தபோது அங்கிருந்த பழைய முகப்புகள் அழிந்தன. 1966 நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ ஆறு நகருக்குள் புகுந்த வெள்ளத்தில், எஞ்சியிருந்த மரக் கதவுகளும் பெருமளவு அழிந்தன. பழைய மரக் கதவு இன்றும் எங்கேனும் காணப்பட்டால் அது அரிய பொருள்.

மறக்கப்பட்ட இவற்றை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் யார்?

பல பத்தாண்டுகள் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் சிலர் மட்டுமே இவற்றைப் பற்றி எழுதிவந்தார்கள். 2015-இல் இச்சாளரங்களுக்கென்றே ஒரு பண்பாட்டுச் சங்கம் புளோரன்ஸில் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் தெருத் தெருவாகச் சென்று ஒவ்வொரு திறப்பையும் படமெடுத்து, முகவரியோடு பதிவு செய்து, பொதுமக்கள் அனுப்பும் தகவல்களையும் சேர்த்துப் பட்டியலை வளர்த்தார்கள். வீட்டு உரிமையாளர்களின் இசைவோடு சாளரங்களின் அருகே சிறு அடையாளத் தகடுகளையும் பதித்தார்கள். எளிய செயல்தான், ஆனால் வீட்டைப் புதுப்பிக்கும்போது ‘இது ஏதோ பழைய ஓட்டை’ என்று பூசிவிடும் வழக்கத்தை நிறுத்த, சட்டப் பாதுகாப்பைவிடவும் இத்தகடே பயன்பட்டிருக்கும் என்று கருதுகிறேன்.

2020-இல் இவை மீண்டும் திறக்கப்பட்டது உண்மையா?

உண்மை, ஆனால் செய்திகள் சொன்ன அளவுக்கு இல்லை. சாந்தோ ஸ்பிரித்தோ தெருவில் உள்ள ‘பாபாயே’ என்னும் உணவகம் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டான 2019-லேயே தன் சாளரத்தின் வழியாக ஒயின் வழங்கத் தொடங்கிவிட்டது. 2020 கோடையில், இடைவெளி விட்டு நிற்க வேண்டிய சூழலில், வேறு சில கடைகளும் அதனைப் பின்பற்றின. ‘விவோலி’ என்னும் பழைய பனிக்கூழ்க் கடை தன் சாளரம் வழியாகக் காபியையும் பனிக்கூழையும் நீட்டியது. பெருட்சி சதுக்கத்தில் ‘ஓஸ்தேரியா தெல்லே பிராக்கே’ பானங்களை வழங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவற்றுள் இயங்கியவை விரல்விட்டு எண்ணும் அளவே.

இந்த மறுபிறப்பு பழைய வழக்கத்தின் தொடர்ச்சி அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று வாங்கியவர் அண்டை வீட்டார், வாங்கியது ஒரு வாரத்துக்கான குடுவை, நிரப்பியது அந்த வீட்டு நிலத்தின் விளைச்சல். இன்று வாங்குபவர் சுற்றுலாப் பயணி. அவர் பெறுவது ஒற்றைக் கோப்பை, கூடவே ஒரு புகைப்படம். இதில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. வருவாய் தரும் சாளரத்தை எவரும் பூசி மூடமாட்டார்கள் என்ற நன்மையும் உண்டு. ஆனால் இந்த வரிசையில் நின்றுகொண்டு, ‘நானூறு ஆண்டுகளாக இப்படித்தான்’ என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்பிவிடக் கூடாது.

நேரில் சென்றால் எப்படி அடையாளம் காண்பது?

பெரிய வாயிலின் இடப்புறமோ வலப்புறமோ இரண்டு மூன்று அடி தொலைவில், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் தேடுங்கள். வளைவான கற்சட்டம், சிறு கோயில் மாடம்போன்ற தோற்றம், பழைய இரயில் நிலையப் பயணச்சீட்டுத் துவாரத்தின் அளவு, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அதுவே. தரையோடு ஒட்டி, கம்பியிட்டு, அகலமாக இருப்பவை நிலவறைக்குக் காற்று விடும் திறப்புகள். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். போர்கோ தெலி அல்பிட்சி, வியா தெல்லே பெல்லே தொன்னே, சாந்தோ ஸ்பிரித்தோ ஆகிய தெருக்களில் சிறிது தூரம் நடந்தாலே சில தென்பட்டுவிடும். சட்டத்தின் அடிக்கல்லையும் கவனியுங்கள். சிலவற்றில் அதன் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும். பெரும்பாலானவை இன்று குடியிருக்கும் வீடுகளின் சுவர்களில் உள்ளவை என்பதால், கதவைத் தட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.